அரை அங்குலப் பைப்புக்கு எந்த ட்றில் பிற்?



கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. எங்களுடைய வீடுகளில் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் கூடவே நெஞ்சும் அடிக்கும். ஊரில் யாருக்கு என்னவோ என்றுதான் மனம் முதலில் ஓடும். எடுத்தால் என் பெறாமகன். ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

"சித்தப்பா, நித்திரையோ? ஒரு சின்னக் கேள்வி. படத்தில அரை இஞ்சி என்.பி.ரி. புரி எண்டு போட்டுக் கிடக்கு. அதுக்கு எந்த ட்றில் பிற் போடுறது? மூண்டு அட்டவணை பாத்தன். ஒண்டு 11/16 எண்டுது, ஒண்டு 45/64 எண்டுது, மற்றது 23/32 எண்டுது."

"மூண்டும் சரிதான் தம்பி" என்றேன். நான் அரைத் தூக்கத்தில் உளறுவதாக அவன் நினைத்திருப்பான். பிறகு இருபது நிமிடம் விளங்கப்படுத்தினேன். இந்தக் கதையை மறுநாள் நிலையத்தில் சொன்னபோது, "அண்ணை, இதையே ஒரு உரையாகச் செய்யுங்கோ, எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் பக்டறிகளிலதானே நிக்கினம்" என்றார்கள். அந்த உரையின் எழுத்து வடிவம்தான் இது. வானொலியில் எண்களை வாசித்தால் காதில் நிற்காது என்பதால், இங்கே எண்களைச் சற்றுக் கூடுதலாகவே தந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே நான் 'ரப்' என்று சொல்வது தண்ணீர் வருகிற குழாய் அல்ல. துளைத்த ஓட்டைக்குள் புரி வெட்டுகிற உருக்குக் கருவி. ஊரில் தண்ணீர்க் குழாயை நாங்கள் 'பைப்' என்றுதான் சொல்வோம், இங்கே வந்து அதை 'ரப்' ஆக்கினோம், பிறகு தொழிற்சாலைக்குப் போய் வேறொரு 'ரப்' பழகினோம்.

அந்த மூன்று கணக்கையும் நான் பழகியது 1994இல். அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

கனடாவுக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஸ்காபரோவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் இரவு வேலை. ஹைட்ரோலிக் இயந்திரங்களுக்கு வேண்டிய உருக்குப் புளொக்குகளைத் துளைத்துப் புரி வெட்டிக் கொடுப்பது அவர்கள் தொழில். நான் தும்புத்தடியோடுதான் உள்ளே போனேன். ஒருநாள் ட்றில் பிறஸ் போடுகிறவர் வராமல் விட, யாருக்காவது இந்த வேலை தெரியுமா என்று போர்மன் கேட்டார். கையை உயர்த்தினேன். பொய் சொல்லவில்லை. பதினைந்து வயதிலிருந்து யாழ்ப்பாணத்தில் என் அம்மானுடைய கடைசல் பட்டறையில் நின்றவன் நான். மின்சாரம் இல்லாமல் போன 1990க்குப் பிறகும், இறைப்பு மெசினுக்கு பெல்ற் மாட்டி லேத்து ஓட்டிய பட்டறை அது.

அம்மானிடம் ஒரு விதி இருந்தது. "வெளி விட்டத்தை அள. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில உள்ள தூரத்தைக் கழி. மிச்சம்தான் ஓட்டை." இது அம்மான் கண்டுபிடித்ததல்ல, உலகம் முழுவதும் உள்ள விதி. 10 மில்லிமீற்றர் போல்ற், புரி இடைவெளி 1.5 என்றால் ஓட்டை 8.5. ஊரில் அரை அங்குலப் பைப்பின் சொக்கட்டுக்கும் இதையேதான் செய்வோம். பிரித்தானிய அளவில் அந்தப் புரியின் வெளி விட்டம் 20.95 மி.மீ., அங்குலத்துக்கு 14 புரி, ஆகவே இடைவெளி 1.81. கழித்தால் 19 மி.மீ. அம்மான் 19க்குத் துளைப்பார், புரி வெட்டுவார், பைப்பின் நுனியில் சணலைச் சுற்றிப் பெயின்ற் பூசி இறுக்குவார். ஒரு சொட்டு ஒழுகாது.

அன்றிரவு வரைபடத்தில் இருந்ததும் அரை அங்குலம், 14 புரி. பக்கத்தில் பின்னால் மூன்று எழுத்து: என்.பி.ரி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பைப் துண்டை எடுத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். 21.3 மி.மீ. இடைவெளி 1.8. கழித்தால் 19.5. அங்கே கிடந்தவற்றில் 49/64 பிற் 19.45 வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பன்னிரண்டு புளொக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. ரப் வெண்ணெய்க்குள் போவது மாதிரிப் போனது. நல்ல கூர் என்று நினைத்தேன். பைப் ரப் ஒன்று உருக்குக்குள் அப்படிச் சுகமாகப் போனால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

காலையில் எண்ணெய் ஏற்றி அழுத்தப் பரிசோதனை செய்தார்கள். முதலில் பிற்றிங்கைச் சுற்றி வியர்த்தது. அழுத்தம் ஏற ஏறப் பீச்சி அடித்தது. இறுக்கினால் நிற்கவில்லை, மேலும் இறுக்க முதல் இரண்டு புரியும் உரிந்து வந்தன. பன்னிரண்டும் கழிவு இரும்புத் தொட்டிக்குள் போயின. "வீட்டை போ, தேவையெண்டால் கூப்பிடுறம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்போது என் மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மாதா மாதம் வாடகைக் காசு நான் அனுப்பித்தான் போக வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் நின்ற அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் கை குளிரும்.

அங்கே வேலை செய்த ஒரு போலந்துக்காரக் கிழவர் எனக்குப் பின்னால் வந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம். ஆனபடியால் பேசுவதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடதாசிப் பையின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக் காட்டினார். கீறியது ஒரு ஆப்பு. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அதில் மேலே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, கீழே ஒரு கோடு. என் பெறாமகன் பார்த்த மூன்று அட்டவணைகளும் அந்த மூன்று கோடுகள்தான்.

இனி அந்தப் படத்தைச் சொல்லில் கீறப் பார்க்கிறேன்.

அரை அங்குலப் பைப் என்பது ஒரு பெயர், அளவல்ல. அந்தக் காலத்து இரும்புப் பைப்பில் உள்துவாரம் ஏறக்குறைய அரை அங்குலம் இருந்தது, சுவர் தடிப்பு. பிறகு சுவரை மெல்லியதாக்கினார்கள். ஆனால் புரிகள் பொருந்த வேண்டுமே, அதற்காக வெளி விட்டத்தை மாற்றாமல் விட்டார்கள். இன்று வட அமெரிக்காவில் வாங்கும் சாதாரண அரை அங்குல இரும்புப் பைப்பின் வெளி விட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் 15.8 மி.மீ. அரை அங்குலம் என்பது 12.7. அந்த அளவு பைப்பில் எங்கேயும் இல்லை! கால் அங்குலப் பைப் இன்னும் மோசம். அதன் வெளி விட்டமே 13.7 மி.மீ., அதாவது அரை அங்குலத்தை விடப் பெரியது. அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுக் கடையில் அரை அங்குல ரப் வாங்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பெயரை விட்டு அளவை எடுத்தாலும் அம்மானின் விதி இங்கே ஏன் பிழைத்தது? இதற்கு இரண்டு காரணம்.

போல்ற் புரியின் வேலை பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். முழு ஆழத்தில் முக்கால் பங்கு புரி இருந்தாலே போதுமான பலம் கிடைத்துவிடும். இடைவெளியைக் கழிக்கும் விதி அந்த முக்கால் பங்குக்கு ஏற்றது. ஆனால் என்.பி.ரி. புரி பிடிக்கவும் வேண்டும், எண்ணெயையோ தண்ணீரையோ காற்றையோ மறிக்கவும் வேண்டும். அதனால் புரியை ஆழமாகவும் ஏறக்குறைய முழுதாகவும் வெட்ட வேண்டும். போல்ற்றுக்குச் செய்வது போல இடைவெளியை ஒருமுறை கழித்தால் போதாது, இங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல் கழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம்தான் அந்த ஆப்பு. என்.பி.ரி. புரி நேராக இல்லை, கூம்பு. பதினாறுக்கு ஒன்று என்ற கணக்கில், 16 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 1 மி.மீ. குறையும். கண்ணுக்கு இலேசில் தெரியாது. ஆனால் பைப்பை இறுக்க இறுக்க ஆப்பு அடித்தது மாதிரி இறுகி மறிப்பதற்குக் காரணம் அதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள். ட்றில் பிற் வெட்டுவது நேரான ஓட்டை. ரப் வெட்டுவது கூம்பான புரி. நேரான ஓட்டைக்குள் கூம்பு வெட்டுவதென்றால் எந்த இடத்து விட்டத்துக்குத் துளைப்பது?

அரை அங்குல என்.பி.ரி.யில், ஓட்டையின் வாயில் புரியின் அடிவிட்டம் ஏறக்குறைய 18.3 மி.மீ. 13 மி.மீ.க்குச் சற்றுக் கூட உள்ளே போனால் அது 17.5 மி.மீ. ஆகிவிடும். 23/32 பிற் என்பது 18.26 மி.மீ. அது வாய் அளவு. 11/16 என்பது 17.46 மி.மீ. அது அடி அளவு. 45/64 என்பது 17.86 மி.மீ. அது நடு அளவு. போலந்துக் கிழவரின் மூன்று கோடுகள்.

வாய் அளவுக்குத் துளைத்தால் ரப் இலேசாகப் போகும். வாயில் புரி முழுதாக இருக்கும், உள்ளே போகப் போகப் புரி மேலோட்டமாகிவிடும். அடி அளவுக்குத் துளைத்து நேரே ரப்பைப் போட்டால் வாயடியில் ரப் வெட்டித் தள்ள வேண்டிய உலோகம் மிக அதிகம். கையால் திருப்பக் கஷ்டம், ரப் முறிந்து உள்ளே நின்றுவிடவும் கூடும். ஆகவே அடி அளவுக்குத் துளைப்பவர்கள் நடுவில் இன்னொரு வேலை செய்வார்கள். கூம்பு றீமர் என்ற கருவியால், அதே பதினாறுக்கு ஒன்று சரிவில், ஓட்டையைக் கூம்பாக்கிவிட்டுத்தான் ரப்பைப் போடுவார்கள். அப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான புரி கிடைக்கும். அட்டவணையில் 11/16 என்று இருந்தால், பக்கத்தில் எங்கேயோ சிறிய எழுத்தில் றீமர் என்று எழுதியிருக்கும். அதை வாசியாமல் விடுவதுதான் பிழை.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், எண்ணெய் அழுத்தம் தாங்க வேண்டிய உருக்கு வேலைக்கு 11/16 துளைத்து றீமர் போடுவேன், வேறு வழி யோசிக்க மாட்டேன். றீமர் இல்லாத இடத்தில், பித்தளை, அலுமினியம் போன்ற மெதுவான உலோகத்துக்கு 45/64. கடினமான உருக்கைக் கையால் வெட்டத்தான் வேண்டும் என்றால் 23/32. வீட்டுப் பட்டறையில் றீமருக்குப் பதிலாக ஒரு தந்திரம் உண்டு. முழு ஆழமும் 11/16ஆல் துளைத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு 45/64, பிறகு மேல் மூன்றில் ஒரு பங்குக்கு 23/32 என்று படி வைத்துத் துளைக்கலாம். மூன்று படி சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கூம்பு. ரப்பின் சுமை பாதியாகக் குறைந்தது போல இருக்கும்.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். கால் அங்குல என்.பி.ரி.க்கு, றீமர் போடுவதென்றால் 27/64 (10.72 மி.மீ.), போடாவிட்டால் 7/16 (11.11 மி.மீ.). முக்கால் அங்குலத்துக்கு றீமரோடு 57/64 (22.62 மி.மீ.), இல்லாமல் 29/32 (23.02) அல்லது 59/64 (23.42). கிறீஸ் நிப்பிளிலும் அழுத்தமானியிலும் வரும் 1/8 அங்குலத்துக்கு றீமரோடு 21/64 (8.33 மி.மீ.), இல்லாமல் எழுத்து வரிசைப் பிற்றில் 'கியூ' (8.43) அல்லது 'ஆர்' (8.61). மி.மீ. பிற் மட்டும் வைத்திருப்பவர்கள் இவற்றுக்குக் கிட்டிய அளவை எடுக்கலாம், ஆனால் மேலே போகாமல் கீழே போவது நல்லது. சிறிய ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிய ஓட்டையைச் சிறிதாக்க ஒருவராலும் முடியாது. அத்துடன், கூர் தீட்டியது ஒரு பக்கம் கூடிப் போன பிற் தன் அளவை விடப் பெரிதாகத் துளைக்கும். ஆகவே முதலில் ஒரு கழிவுத் துண்டில் துளைத்து அளந்து பாருங்கள்.

சரியான ஓட்டை கிடைத்துவிட்டது. வேலை முடியவில்லை. போல்ற் ரப்பை எவ்வளவு ஆழம் விட்டாலும் புரியின் விட்டம் மாறாது. கூம்பு ரப் அப்படியல்ல. ஒவ்வொரு சுற்று உள்ளே போகவும் ஓட்டையின் வாய் பெரிதாகிக்கொண்டே போகும். அரை அங்குல ரப்பில் ஒரு சுற்றுக்கு 0.11 மி.மீ. இரண்டு சுற்று அதிகம் விட்டால், பிற்றிங் கையோடு ஆழமாக உள்ளே இறங்கிவிடும், இறுகாது. எங்கே நிறுத்துவது என்பதற்குத் தொழிற்சாலையில் ஒரு அளவுக்கட்டை இருக்கும். அதைக் கையால் திருகினால் அதிலுள்ள படி, புளொக்கின் முகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும், ஒரு சுற்று முன்பின் பரவாயில்லை. அது இல்லாதவர்கள் ஒரு புதிய பிற்றிங்கை எடுத்து ரேப் சுற்றாமல் கையால் திருகிப் பாருங்கள். ஏறக்குறைய நாலு சுற்றில் கை நின்றுவிட வேண்டும். பிறகு ரேப் சுற்றி, சாவியால் இரண்டு மூன்று சுற்று. ரப்பை அடிக்கடி வெளியே எடுத்து, துடைத்து, பிற்றிங்கைத் திருகி, மீண்டும் அரைச் சுற்று வெட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு முதல் ஐந்து வருடம் அந்தப் பொறுமை இருக்கவில்லை.

ரப் சரிந்து நிற்கக்கூடாது. முடிந்தால் ஓட்டையைத் துளைத்த அதே ட்றில் பிறஸ்ஸில், மெசினை நிறுத்தி, கையால் திருப்பி முதல் இரண்டு சுற்றையும் நேராக வெட்டுங்கள். உருக்குக்கு வெட்டு எண்ணெய். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்லாய் வேலை செய்யும். வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம், தூள் தானாக உதிரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, சுருள் முறிந்து விழட்டும். கூம்பு ரப்பின் எல்லாப் புரிகளும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் உள்ளே போகப் போகத்தான் பாரம் கூடும். கடைசியில் இறுக்கமாக இருக்கிறதே என்று பயந்து ஓட்டையைப் பெரிதாக்க வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும்.

இனி, எங்களுடைய ஆட்களுக்கென்றே உள்ள ஒரு விஷயம்.

2012இல் நான் ஊருக்குப் போனபோது, தங்கச்சி வீட்டுக் கிணற்றடி மோட்டருக்கென்று இங்கிருந்து நல்ல பித்தளை வால்வு ஒன்று கொண்டுபோனேன். முக்கால் அங்குலம். தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் சொக்கட்டில் திருகினேன். சரியாகப் பொருந்துவது போல உள்ளே போனது. ரெஃப்ளோன் ரேப் சுற்றி இறுக்கினேன். சொட்டியது. கழற்றி இன்னும் சுற்றி இறுக்கினேன். அப்போதும் சொட்டியது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பைப் வேலைக்காரத் தம்பி வந்து, வால்வைக் கையில் எடுத்து, நகத்தால் புரியைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, கனடாவில இருந்தோ? இது அமெரிக்கன் புரி. எங்கட சாமானுக்குப் பூரும், ஆனா மறிக்காது."

முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவன், ஒரு சின்னப் பெடியனிடம் வாங்கிக் கட்டினேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. இலங்கையில் பிரித்தானியப் பைப் புரி, பி.எஸ்.பி. அதன் அடி 1841இல் ஜோசப் விட்வேர்த் முன்வைத்த புரி. புரியின் இரண்டு சரிவுகளுக்கும் இடையில் 55 பாகை. வட அமெரிக்காவின் என்.பி.ரி.யில் அது 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டிலுமே அங்குலத்துக்கு 14 புரி என்பதால் ஒன்றுக்குள் ஒன்று போகும். ஆனால் சரிவோடு சரிவு ஒட்டாது. நடுவில் சுருளாக ஒரு மெல்லிய இடைவெளி நீளத்துக்கு இருக்கும், தண்ணீர் அந்தப் பாதையால் சுற்றிச் சுற்றி வெளியே வரும். மற்ற அளவுகளில் இந்த ஏமாற்றம் குறைவு. கால் அங்குலத்தில் அங்கே 19 புரி, இங்கே 18. ஒரு அங்குலத்தில் அங்கே 11, இங்கே 11 அரை. சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடும், பிழை என்று உடனே தெரியும். அரையும் முக்காலும்தான் சிரித்துக்கொண்டு கழுத்தறுப்பவை.

ஐரோப்பாவில் இருக்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிஸ் எல்லாம் அந்த 55 பாகைக் குடும்பம்தான். அங்கே வாங்கிய கருவியை இங்கே கொண்டுவந்தாலும், இங்கே வாங்கியதை அங்கேயோ ஊருக்கோ அனுப்பினாலும் இதே கரைச்சல். நேர்ப் புரி பி.எஸ்.பி.க்கு ட்றில் அளவும் வேறு: கால் அங்குலத்துக்கு 11.8 மி.மீ., அரை அங்குலத்துக்கு 19, முக்காலுக்கு 24.5. அரை அங்குலத்தின் 19ஐக் கவனித்தீர்களா? அம்மான் சொன்ன அதே 19. அவருடைய விதி அவருடைய புரிக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை நான் ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்து இன்னொரு புரியில் போட்டதுதான் பிழை. அம்மான் 1999இல் காலமானார். இதை அவருக்குச் சொல்லக் கிடைக்கவில்லை, சொல்லியிருந்தால் "நாசமாப் போனவனே, எழுத்தை வாசிக்கத் தெரியாதோ" என்றுதான் ஏசியிருப்பார்.

இரண்டு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். வீட்டுக்கு வரும் எரிவாயுக் குழாயில் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம். ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்வதற்கு ரி.எஸ்.எஸ்.ஏ. வழங்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். புரி வெட்டத் தெரிவது வேறு, அந்த அனுமதி வேறு. அடுத்தது, காற்று அமுக்கியின் தாங்கி. இன்னொரு குழாய் எடுக்க வசதியாக இருக்குமே என்று தாங்கியின் வயிற்றில் துளைத்துப் புரி வெட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. அந்தத் தகடு மெல்லியது, நாலு புரிக்கு இடமில்லை, துளைத்த இடத்திலிருந்து வெடிப்பு ஓடும். தாங்கி வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஏற்கனவே உள்ள வாயில் ஒரு 'ரீ' பிற்றிங் போட்டு, தாங்கிக்கு வெளியே ஒரு அலுமினியக் கட்டையில் நீங்கள் விரும்பிய அளவு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

1994 கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் சிலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அந்தப் போலந்துக் கிழவர் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் எனக்காகக் கதைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை கூப்பிட்டார்கள். ஒரு மாதம் திரும்பவும் தும்புத்தடி, அதன் பிறகு ட்றில் பிறஸ். அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

பெறாமகன் மறுநாள் காலை ஒரு படம் அனுப்பியிருந்தான். உருக்குப் புளொக், அதில் ஒரு பித்தளைப் பிற்றிங், கீழே ஒரு வரி: "றீமர் போட்டனான் சித்தப்பா, கையால நாலு சுற்று." பிறகு இன்னொரு வரி: "ஒரு இஞ்சிக்கு என்ன?" ஒரு அங்குல என்.பி.ரி.க்கு றீமரோடு 1 1/8, இல்லாமல் 1 9/64 அல்லது 1 5/32. இந்த அளவுகள் எல்லாவற்றையும் கையடக்கமாக ஒரு கடதாசியில் எழுதி நிலையத்தின் முன்மேசையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம். இரவு பதினொன்றரைக்கு மட்டும் அடிக்க வேண்டாம்.